அந்தத் திரையில் ஓடியது அப்பாவின் துடிப்பு அல்ல

அன்புள்ள ஜெரோம்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நீ ஒன்று சொன்னாய். சிங்கப்பூரில் கிடைத்திருக்கும் வேலையைப் பற்றி அப்பா உன்னைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் ரயில், அதை நடத்தும் கணினி, அந்தக் கணினிக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் நான்கு பிராசசர்கள் என்று நீ விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டு வந்தாய். காலமெல்லாம் ரயில்வேயில் உழைத்த மனிதருக்கு வாயெல்லாம் பல். நான் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மெமரிய யாரு, எப்போ விடுறதுன்னு எப்படிப் பாத்துக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஒரு கவுண்டர்தான் மா. இப்போ லாக் போட்டு வெச்சிருக்காங்க, ஸ்லோவா ஓடுது. நான் போனதும் மொதல்ல அத எடுத்துடப் போறேன். வெறும் கவுண்டர்தானே லா, அதுல என்னா இருக்கு?" என்றாய். என் கை அப்படியே நின்றுவிட்டது. குழம்பு உன் தட்டைத் தாண்டி மேசைத் துணியில் வழிந்தது. "வயசாயிடுச்சு மா உங்களுக்கு" என்று சிரித்தாய்.

வயது இல்லை, பயம். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் குரல் நடுங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை கிளம்பப் போகிற பிள்ளையின் முன்னால் அழ வேண்டாம் என்று எழுந்து போய்த் துணி எடுத்துவந்து துடைத்தேன். அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் உனக்குப் பெட்டி வாங்கினோம், உன் அத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்; எங்கேயும் உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. பேசினால் நீ குறுக்கே பேசுவாய். எழுதினால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நான் சுங்கை வேயில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. 'அம்மா கம்ப்யூட்டர் வேலை' என்பதோடு முடிந்துவிட்டது. நீ அப்போது மூன்றாம் படிவம், பதினைந்து வயது. தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. மருத்துவமனைகளுக்கு ஒரு கண்காணிப்பு இயந்திரம் செய்துகொண்டிருந்தோம். ஒரு வார்டில் படுத்திருக்கும் எல்லா நோயாளிகளின் இதயத் துடிப்பும் தாதியின் மேசையில் இருக்கும் ஒரே திரையில் ஓடும். யாருக்காவது துடிப்பு தாறுமாறாகப் போனால் மணி அடிக்கும். அந்த இயந்திரத்தின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவர்கள் இரண்டே பேர்: நான், தாஸ். தாஸ் என்னைவிடச் சின்னவன், கிள்ளான்காரன், கெட்டிக்காரன். நான் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் அவன் மூன்று பக்கம் எழுதிவிட்டு, தேத்தண்ணி வாங்கவும் போய்வந்துவிடுவான்.

ஒரு நோயாளியின் உடம்பில் கம்பிகளை ஒட்டியதும் இயந்திரம் அவருக்காக மெமரியில் ஒரு சின்ன இடத்தை ஒதுக்கும். அவருடைய துடிப்பு அங்கேதான் வந்து விழும். அந்த இடத்தை ஒரே ஆள் பயன்படுத்துவதில்லை. துடிப்பை வாங்கிப் போடுகிற வேலை ஒன்று, திரையில் வரைகிற வேலை ஒன்று, மணி அடிக்கிற வேலை ஒன்று. ஆகவே எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை அதிலேயே இருக்கும். பிடிக்கிறவர் ஒன்றைக் கூட்ட வேண்டும். விடுகிறவர் ஒன்றைக் கழிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிற கடைசி ஆள் அந்த இடத்தைக் காலி செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். நீ சொன்ன 'வெறும் கவுண்டர்' இதுதான். பிராசசர் ஒன்றே ஒன்றாக இருந்தவரை எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பிறகு முதலாளி இரண்டு பிராசசர் உள்ள பலகையை வாங்கிவந்தார். இரண்டும் ஒரே மெமரியில் ஒரே சமயத்தில் கைவைக்கும்.

புதுப் பலகை வந்த முதல் வாரத்திலேயே தாஸ் ஒரு தப்பைக் கண்டுபிடித்தான். கூட்டுவது என்றால் இயந்திரத்துக்கு மூன்று வேலை: எண்ணைப் படிக்கணும், ஒன்று சேர்க்கணும், திரும்ப எழுதணும். இரண்டு பிராசசரும் ஒரே நேரத்தில் 'ஒன்று' என்று படித்து, இரண்டுமே 'இரண்டு' என்று எழுதிவிட்டால், உண்மையில் மூன்று பேர் பிடித்திருக்கும் இடத்தில் கணக்கு இரண்டு என்றுதான் காட்டும். இரண்டு பேர் விட்டதும் இடம் காலி என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். மூன்றாவது ஆள் இன்னும் உள்ளே உட்கார்ந்திருப்பான். படிப்பது, சேர்ப்பது, எழுதுவது மூன்றையும் யாரும் குறுக்கிட முடியாத ஒரே கட்டளையாகச் செய்ய அந்த பிராசசரில் வழி இருந்தது. தாஸ் எல்லா இடத்திலும் அதைப் போட்டான். முதலாளி எங்களுக்குக் கோழிச் சோறு வாங்கிக்கொடுத்தார். எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. கூட்டுவது சரியாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டுவதற்கு முன்னால் அந்த இடம் எங்கே இருக்கிறது என்று அட்டவணையில் பார்க்க வேண்டுமே! விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கூட்டப் போவதற்குள், அந்தச் சின்ன இடைவெளியில், மற்ற பிராசசர் கடைசிக் கணக்கைக் கழித்து இடத்தைக் காலி செய்துவிட்டால்? நான் கையில் வைத்திருப்பது செத்துப்போன விலாசம். அங்கே போய் அழகாக ஒன்றைக் கூட்டுவேன், யாரும் குறுக்கிடவும் மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருப்பார்கள். இதைத் தாஸிடம் சொன்னேன். "அக்கா, அந்த கேப்ல என்னா நடந்துடப் போவுது? கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள லட்சம் தடவ முடிஞ்சிடும் லா. நாள்கணக்கா ஓட விட்டுப் பாத்தாச்சி, ஒன்னும் விழல" என்றான். முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். "ப்ரூஃப் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. "அப்போ டெலிவரிக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார். இயந்திரம் கிள்ளானில் ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போய்விட்டது.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. கிள்ளான் ஸ்டேஷன் அலுவலகத்தில் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்தில் எது இருந்ததோ அந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். தாஸ்தான் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். பெடரல் நெடுஞ்சாலையில் முன்னால் போன லோரிகளைப் பார்த்து அவன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். நான் ஜெபமாலையை நினைத்தேன், ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. மாடியேறி வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அப்பா இல்லை. தாதி மேசையில் இருந்த எங்கள் இயந்திரம். எங்கள் பச்சைக் கோடுகள். தாஸ் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் அப்பாவின் கட்டிலைத் தேடிப் போனேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நீ சீருடையோடு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கட்டிலின் கால்மாட்டில் நின்று அப்பாவைச் சிரிக்கவைக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவரை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். போகும்போது கம்பிகளைக் கழற்றினார்கள். வந்ததும் மறுபடி ஒட்டினார்கள். அவர் இல்லாத நேரத்தில் எதிர்க்கட்டிலுக்கு ஒரு சீனப் பெரியவரைக் கொண்டுவந்து படுக்கவைத்து, அவருக்கும் கம்பி மாட்டினார்கள். எல்லாம் எல்லா வார்டிலும் அன்றாடம் நடப்பதுதான். நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் உன்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார், முடியவில்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. என் விரல் அவர் மணிக்கட்டில் இருந்தது. அடியில் நாடி வலைக்குள் அகப்பட்ட குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

தாதி மேசையைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கட்டில் எண்ணுக்குக் கீழே பச்சைக் கோடு சாவகாசமாக ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தூங்குகிறவனின் துடிப்பு. மணி அடிக்கவில்லை.

மேசையில் இருந்தவள் சரோஜா என்ற தாதி, நல்ல பெண். நான் ஓடிப்போய், "மிஸ்ஸி, அந்த ஸ்கிரீன் தப்பு. அவர வந்து பாருங்க" என்றேன். அவள் திரையை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா, பயப்படாதீங்க. ஹார்ட் அழகா போவுது பாருங்க. நீங்க டென்ஷனா இருக்கீங்க, கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றாள். "அது அவரோடது இல்ல!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நீயும் பார்த்தாய். உன் முகம் வெட்கத்தில் சிவந்துபோனது. "மா, ப்ளீஸ் மா" என்றாய். நான் சரோஜாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வந்து கம்பியக் கழட்டுங்க. ஒன்னே ஒன்னக் கழட்டுங்க. கோடு நின்னா நான் பைத்தியக்காரி, வெளிய போயிடுறேன்" என்றேன். என்னை அடக்கத்தான் அவள் வந்திருப்பாள். அப்பாவின் சட்டையை விலக்கி நெஞ்சில் ஒட்டியிருந்ததை உரித்தாள், ஒன்றை அல்ல, எல்லாவற்றையும். நானும் அவளும் திரையைப் பார்த்தோம். கோடு நிற்கவில்லை. வெறும் நெஞ்சோடு படுத்திருந்த மனிதரின் பெயரில் அது சாவகாசமாக ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "கடவுளே" என்று ஒரு சொல்தான். பிறகு அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தாள், "டாக்டர்!" என்று அலறினாள். உன்னை யாரோ தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா மருத்துவமனையில் பயந்து கூச்சல் போட்டாள், அப்புறம் அப்பாவுக்குத் திடீரென்று மோசமாகிவிட்டது என்பது மட்டும்தான். இத்தனை வருடமாக அதை நீ சொந்தக்காரர்களிடம் தமாஷாகச் சொல்வாய். நான் திருத்தியதில்லை. எதிரே நீ சிரித்துக்கொண்டு நிற்பதும், உள்ளே அவர் நெஞ்சில் மின்சாரம் வைத்ததும் ஒன்றாகவே எனக்கு ஞாபகம் வரும். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

ஊசி போட்டார்கள், நெஞ்சில் மின்சாரம் வைத்தார்கள், துடிப்பு மெல்ல மெல்ல அடங்கி வழிக்கு வந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் களைத்து நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நின்றிருந்தாலும், ஜெரோம், திரையில் கோடு ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும். அது எதிர்க்கட்டில் சீனப் பெரியவரின் துடிப்பு. அப்பாவை எக்ஸ்ரேக்கு எடுத்துப் போனபோது அவருடைய இடத்தின் கணக்கு பூஜ்யமாகி, இடம் காலியானது. சரியாக அந்த இடைவெளியில் திரை வரைகிற வேலை பழைய விலாசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கூட்டுவதற்காக நின்றிருக்கிறது. காலியான இடம் பெரியவருக்குப் போனது. திரும்பி வந்த அப்பாவுக்குப் புது இடம் கிடைத்தும், திரை பழைய விலாசத்தை விடவில்லை. திரையும் அதையே நம்பியிருந்த மணியும் அவரைப் பிடித்துக்கொண்டு, அப்பா என்று நினைத்துக் காவல் காத்தன. தாஸ் சொன்ன, கண்ணை மூடித் திறப்பதற்குள் லட்சம் தடவை முடிந்துவிடுகிற இடைவெளி அது.

நான் டாக்டரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். அதைச் செய்தவர்களில் நான் ஒருத்தி என்றும் சொன்னேன். முதலாளி தொலைபேசியில், "வாயத் தொறக்காதீங்க, நான் வந்து பேசிக்கிறேன்" என்றார். அதற்குள் நான் சொல்லி முடித்திருந்தேன். பழைய தனித்தனிக் கருவிகளைக் கீழே கிடங்கிலிருந்து தேடி எடுத்து வரும்வரை, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தாதியாக முக்காலி போட்டு உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் போதவில்லை. சீனப் பெரியவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை; பல் இல்லாத வாயால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார். நான் திரையில் பார்த்த அதே நிதானத்தில் அவர் நாடி என் விரலடியில் போய்க்கொண்டிருந்தது.

தாஸ் சாயங்காலம் வந்தான். அப்பாவின் கட்டில் பக்கம் வரவே முடியாமல் வாசலில் நின்றான். நான் அவனைத் திட்டவில்லை. மறுநாள் இருவரும் சுங்கை வேக்குப் போய் உட்கார்ந்து, விலாசத்தைப் பார்ப்பதற்கும் கூட்டுவதற்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருகினோம். அந்த இடைவெளியை அகலமாக்கிப் பார்ப்போம் என்றான் தாஸ். நாள்கணக்காக ஓடியும் விழாத இயந்திரம், ஓடவிட்டு அவன் நாற்காலியில் சாய்வதற்குள், ஒருவர் துடிப்பை இன்னொருவர் பெயரில் காட்டி விழுந்தது. திரும்ப ஓடவிட்டோம், திரும்ப விழுந்தது. தாஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "அக்கா, எத்தன பேருக்கு இப்படி காட்டியிருக்கும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. இரவில் விழிப்பு வரும்போது அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

பிறகு சரி செய்தோம். அட்டவணையில் விலாசம் இருக்கும்வரை, அட்டவணையும் பிடித்திருக்கிற ஓர் ஆள் என்று கணக்கில் ஒன்று. விலாசத்தைப் பார்ப்பதும் கூட்டுவதும் ஒரே பூட்டுக்குள்; ஒருவர் முடித்து வெளியே வரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அட்டவணையிலிருந்து எடுப்பவரும் அதே பூட்டை வாங்கித்தான் எடுக்க வேண்டும். ஏற்கனவே ஒருவர் உறுதியாகப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் இன்னொருவர் பிடிக்கலாம். பூஜ்யமாகிவிட்டதை யாரும், எந்தக் காரணத்துக்காகவும், மறுபடி ஒன்றாக்கக் கூடாது. அது செத்தது செத்ததுதான். பூட்டே இல்லாமல் இதைச் செய்யவும் வழிகள் உண்டு என்று எனக்குத் தெரியும், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த வழிகளில் போகிறவர்கள் பூட்டு எதைக் காத்தது என்று முதலில் தெரிந்துகொண்டவர்கள். நீ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டைப் பற்றிப் பேசியபோது அது கவுண்டரைக் காக்கிறது என்று நினைத்துப் பேசினாய். அது கவுண்டரைக் காக்கவில்லை, கண்ணு. கவுண்டருக்கு முன்னால் இருக்கிற இடைவெளியைக் காக்கிறது. உன் ரயிலில் அந்த இடம் ஒரு நோயாளிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டாக இருக்கும். அதில் வேறு வண்டி நிற்கும்போது, காலி என்று எங்கோ ஒரு கோடு சாவகாசமாக ஓடும்.

கம்பெனி அந்த ஒப்பந்தத்தை இழந்தது. கொஞ்ச காலத்தில் மூடியும் விட்டது. தாஸ் செராஸில் ஒரு டியூஷன் சென்டர் வைத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். திரும்ப வா என்று நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். "கை வரல அக்கா" என்கிறான். அப்பாவுக்கு முழுக்கதையும் தெரியும். அவர் இதை ஒரு வேடிக்கையாக ஆக்கிவிட்டார். "என் பேர்ல ஒரு சீனத் தவுக்கே உயிரோட இருந்தாரு" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் அவர்தான். பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிற நேரத்தில் பயமுறுத்தாதே என்றார். இப்போது அவரைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. நல்ல வேலை, நல்ல சம்பளம், அப்பாவின் கனவும்கூட. ஆனால் போனதும் முதல் நாளே அந்தப் பூட்டில் கைவைக்காதே. அதைப் போட்டவர் யார் என்று கேள். இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'இது இல்லாமல் என்ன நடந்தது?' என்று கேள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'ப்ரூஃப் இருக்கா' என்று யாராவது உன்னைக் கேட்டால், என்னைப் போல இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வராதே. அந்த இடைவெளியை அகலமாக்கி அவர்கள் கண்ணெதிரே விழவைத்துக் காட்டு. அதுவரை வண்டியை ஓட விடாதே.

நேற்றுக் காலை கோவிலில் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். பக்கத்தில் ஒரு அம்மா கண்களை மூடிக்கொண்டு, வாய்விட்டே, தன் மகனுக்குத் தைரியம் கொடு என்று வேண்டிக்கொண்டிருந்தாள். எந்தத் தாயும் அதைத்தான் கேட்பாள். நான் முழந்தாளிட்டு, என் பிள்ளைக்குப் பயத்தைக் கொடு என்று கேட்டேன். அந்த அம்மாவின் காதில் விழாதபடி, மெதுவாகத்தான் கேட்டேன்.

அம்மா